திரையில் ஓடிய பூனையும் ஊதா நிறக் கொரில்லாவும்



வத்தேகம, மடவளை, சுற்றுவட்டார உறவுகளே! இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள்.

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் கொம்பியூட்டர் பழகியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கொஞ்ச நேரம் மவுஸைத் தொடாமல் விட்டால் திரை கறுப்பாகும். பிறகு நட்சத்திரங்கள் நம்மை நோக்கிப் பறந்து வரும். அல்லது கலர் கலராகக் குழாய்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னித் திரையை நிரப்பும். கணினி வகுப்புக்குப் போய் ஒன்றும் படிக்காமல் அந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை ஒன்று நம் ஊரில் இருக்கிறது. இன்று அவர்கள் வாப்பாமார், உம்மாமார்.

எந்த வேலையும் செய்யாமல் திரையை அழகாக்க மட்டும் எழுதப்பட்ட இந்தச் சின்னப் புரோகிராம்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. விளையாட்டு வரலாறுதான். ஆனால் இன்று நம் பிள்ளைகளின் போனில் நடக்கும் ஒரு விஷயத்தை இதைவிட எளிதாக விளங்கப்படுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அலங்காரம் எதுவும் இருக்கவில்லை. தேவைதான் இருந்தது. பழைய டீவி போலப் பெட்டியாக இருந்த கணினித் திரைகளின் கண்ணாடிக்கு உட்பக்கம் பொஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் நாட்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பூச்சு தேய்ந்துவிடும். பிறகு திரையை அணைத்தாலும் அந்த எழுத்தின் நிழல் தெரியும். இதைத் தடுக்க ஜோன் சோச்சா என்ற அமெரிக்கர் ஒரு புரோகிராம் எழுதினார். மூன்று நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரையை இருட்டாக்கிவிடும். அவ்வளவுதான். 1983 டிசம்பரில் சொஃப்ட்டோக் என்ற சஞ்சிகையில் அதன் வரிகளை அச்சிட்டார்கள். விருப்பமானவர்கள் பார்த்துத் தட்டச்சு செய்து பாவிக்கலாம். "ஸ்க்ரீன் சேவர்", அதாவது திரைக்காப்பு, என்று நாம் சொல்வதன் ஆரம்பம் இதுதான்.

அடுத்த ஆண்டு, 1984 இல், ஆப்பிள் நிறுவனத்தின் மெகின்டொஷ் கணினி வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் ஜான்சன் அந்தக் கணினிக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்தார். கடதாசியில் செய்த அட்டை அல்ல, புரோகிராமாகச் செய்த அட்டை. அதைத் திறந்தால் திரையில் பனி கொட்டும். 1993 இல் அதே எண்ணம் யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்கு "எக்ஸ்ஸ்னோ" என்ற பெயரில் வந்தது. நீங்கள் உங்கள் பாட்டில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் பனி விழுந்துகொண்டிருக்கும். விழுகிற பனி உங்கள் கடிதச் சாளரத்தின் மேல் விளிம்பில் படிந்து குவியும். சாளரத்தை நகர்த்தினால் குவிந்தது கலைந்துவிடும்.

நம் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து இறங்கும் மூடுபனிதான். நுவரெலியாவில் சில ஜனவரிக் காலைகளில் புல்லில் வெள்ளை பூக்கும். அதற்கு மேல் இந்த நாடு பனியைக் கண்டதில்லை. அப்படிப்பட்ட நாட்டில் இருப்பவருக்கும் தன் மேசையில் பனி கொட்டுவதைப் பார்க்க ஆசை வருமா வராதா?

பனிக்குப் பிறகு பூனை. 1980களில் ஜப்பானின் என்ஈசி கணினிகளுக்காக நவோஷி வதனாபே என்பவர் "நேகோ" என்ற சின்னப் புரோகிராமை எழுதினார். நேகோ என்றால் ஜப்பானிய மொழியில் பூனை. 1989 இல் கென்ஜி கோதோ அதை மெகின்டொஷுக்கு மாற்றி எழுதினார். மவுஸ் அம்பு எங்கே போனாலும் ஒரு வெள்ளைப் பூனை துரத்திக்கொண்டு ஓடும். அம்பை நிறுத்தினால் பூனையும் நிற்கும். கொஞ்ச நேரம் பார்க்கும், காதைச் சொறியும், கொட்டாவி விடும், சுருண்டு படுத்துத் தூங்கிவிடும். அம்பை அசைத்தால் திடுக்கிட்டு எழும்பும்.

அதோடு முடியவில்லை. மசாயுகி கோபா அதை எக்ஸ் விண்டோ முறைமைக்கு, அதாவது யுனிக்ஸ் கணினிகளின் திரைக்கு, மாற்றினார். அதில் பூனை ஒரு பெட்டிக்குள் மட்டும் ஓடியது. தட்சுயா கதோ அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, முழுத் திரையிலும் ஓடவிட்டார். அதற்குப் பெயர் "ஒநேகோ". பிறகு வேறு ஆட்கள் பூனைக்குப் பதிலாக நாயைச் சேர்த்தார்கள். விண்டோஸுக்கும் எழுதினார்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் வாங்கி, தன் பங்கைச் சேர்த்து, இன்னொருவர் கையில் கொடுத்தார். இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே மாட்டார்கள்.

இந்தப் பூனை எப்படி ஓடியது? இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் வெசாக் பந்தலைத்தான் உதாரணம் காட்டுவேன். கண்டியில் பந்தல் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். விளக்குகள் வட்டமாக ஓடும், பூவாக விரியும். உண்மையில் ஒரு பல்பும் இடம் மாறுவதில்லை. பழைய பந்தல்களின் பின்னால் ஓர் உருளை சுழலும். அதில் ஒட்டிய உலோகத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும், மற்றது அணையும். ஓடுகிறது என்று நினைப்பது நம் கண்.

திரைப் பூனையும் இதேதான். குறுக்கே 32 புள்ளி, நெடுக்கே 32 புள்ளி. மொத்தம் 1,024 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. அப்படி ஒரு படத்துக்கு 128 பைட் போதும். ஓடுவதற்கு எட்டுத் திசைக்கும் இரண்டிரண்டு படம், தூங்க, சொறிய, கொட்டாவி விட இன்னும் சில. முப்பது படம் என்று வைத்தாலும் 4 கிலோபைட்டைத் தாண்டாது. வாட்ஸ்அப்பில் நாம் தினமும் அனுப்பும் ஒரு "ஜும்ஆ முபாரக்" படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சின்ன அளவுக்குள் ஒரு பூனையின் குணத்தையே கொண்டுவந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பூனைக்கு உங்களைப் பற்றி ஒரேயொரு விஷயம்தான் தெரியவேண்டும்: மவுஸ் அம்பு இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் பெயர் வேண்டாம், வயது வேண்டாம், ஊர் வேண்டாம். அம்பு இருக்கும் இடத்தையும் அது எங்கும் எழுதி வைப்பதில்லை. ஓடிப் பிடித்ததும் மறந்துவிடும். இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1989 இலேயே இந்த அலங்காரம் வியாபாரமாகவும் மாறியது. அமெரிக்காவின் பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் "ஆஃப்டர் டார்க்" என்ற திரைக்காப்புத் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் இறக்கை முளைத்த பாண் வாட்டும் டோஸ்டர்கள் கூட்டமாகப் பறந்து போகும். அது அவ்வளவு பிரபலம். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் என்ற இசைக்குழு, "எங்கள் 1973 ஆம் ஆண்டு இசைத்தட்டின் அட்டையில் பறக்கும் டோஸ்டர் இருந்தது" என்று 1994 இல் வழக்கே போட்டது. வழக்கில் தோற்றது. 1992 இல் "ஜொனி காஸ்ட்அவே" வந்தது. ஒரு சின்னத் தீவு, ஒரு மரம், கப்பல் உடைந்து ஒதுங்கிய ஒரு மனிதன். அவன் மீன் பிடிப்பான், தீவைச் சுற்றி ஓடுவான், தப்பிக்கப் பார்த்துத் தோற்பான். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஜொனிக்கு இன்று என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். திரையைக் காப்பாற்ற வந்த சாமான், திரையை எரியவிடக் காரணமானது.

இது காசு கொடுத்து வாங்கிய பொருள். ஆனாலும் கணக்கு நேரானது. கடைக்காரர் விலை சொன்னார், வாங்குபவர் கொடுத்தார், அத்தோடு விஷயம் முடிந்தது.

அப்போது நம் நாட்டு நிலைமை என்ன? 1984 இல், ரிக் ஜான்சன் பனி வாழ்த்து அட்டை செய்த அதே ஆண்டில், இலங்கையில் கணினிக் கொள்கையைக் கவனிக்க "சின்டெக்" என்ற கணினி மற்றும் தகவல் தொழில்நுட்பப் பேரவை அமைக்கப்பட்டது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க பல ஆண்டுகள் அதை வழிநடத்தினார். 1995 இல் பொதுமக்களுக்கு இணையம் வந்தது. 2003 இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சட்டம் வந்து, அதன் பிறகு கிராமங்களில் நெனசல நிலையங்கள் திறக்கப்பட்டன. கொமியூனிகேஷன் கடைகளிலும் நெட் கஃபேக்களிலும் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்த காலம் அது. நம்மில் அநேகர் இணையத்துக்குள் நுழைந்தபோது பூனையின் காலம் முடிந்து, அடுத்த காலம் தொடங்கியிருந்தது. நாம் சந்தித்தது அந்த இரண்டாம் காலத்தைத்தான்.

அது எப்படி ஆரம்பித்தது என்று பாருங்கள்.

1999 ஜனவரியில் உலகம் முழுக்கப் பலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு "ஹெப்பி 99" என்று ஒரு சின்னக் கோப்பு. திறந்தால் கறுப்புப் பெட்டிக்குள் வாணவேடிக்கை. புத்தாண்டு வாழ்த்து. மிகவும் அழகு. அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கணினியின் இணையத் தொடர்புக் கோப்பொன்றை மாற்றிவிடும். அதன் பிறகு நீங்கள் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும், உங்களுக்குத் தெரியாமல் அவருக்கும் ஒரு வாணவேடிக்கை போகும். அனுப்பியது தெரிந்த ஆள் என்பதால் அவரும் நம்பித் திறப்பார். கோப்புகளை அது அழிக்கவில்லை. ஆனால் அதற்கு முன் ரிக் ஜான்சனின் பனி போன வழியில், நண்பர் கையிலிருந்து நண்பர் கைக்கு என்ற அதே வழியில், பெரிய அளவில் ஒரு கணினிப் புழு பயணம் செய்தது.

அந்த நாட்களில் திரைக்காப்புகள் இன்னொரு வகையிலும் ஆபத்தாகின. விண்டோஸில் திரைக்காப்புக் கோப்பின் பெயர் "எஸ்.சி.ஆர்." என்று முடியும். பார்க்கிறவர் படம் என்று நினைப்பார். உண்மையில் அது ஒரு முழுப் புரோகிராம். மற்ற எந்தப் புரோகிராமும் செய்யக்கூடிய அனைத்தையும் அதுவும் செய்யும். வைரஸ் எழுதியவர்கள் இந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை.

அதே 1999 இல் இன்னொரு செய்தி. "கொமட் கர்சர்" என்று ஒரு புரோகிராம் இருந்தது. மவுஸ் அம்பை அழகான உருவங்களாக மாற்றித் தரும். சும்மா கிடைக்கும். சிலரின் கணினிக்கு அவர்கள் கேட்காமலேயே வேறு மென்பொருளோடு சேர்ந்து வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் அது தனி இலக்கம் ஒன்றைக் கொடுத்து, இந்த இலக்கக் கணினி எந்தெந்த இணையத்தளங்களுக்குப் போகிறது என்று நிறுவனத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பூனையும் அம்பைத்தான் பார்த்தது, இதுவும் அம்பில்தான் ஒட்டியிருந்தது. ஆனால் பூனை பார்த்ததை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

பிறகு வந்தது கொரில்லா. "பொன்சி படி" என்று பெயர். 1999 இல் பச்சைக் கிளியாக வந்து, அடுத்த ஆண்டில் ஊதா நிறக் கொரில்லாவானது. திரையின் ஓரத்தில் நிற்கும். பேசும், பகிடி சொல்லும், பாட்டுப் பாடும், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். பிள்ளைகளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அதுவும் இலவசம். ஆனால் நிறுவும்போது பதிவு செய்யச் சொல்லும்: பெயர் என்ன, மின்னஞ்சல் என்ன, விலாசம் என்ன, பிறந்த நாள் என்ன? பிள்ளைகள் சொன்னார்கள். பேசுகிற கொரில்லா கேட்டால் எந்தப் பிள்ளைதான் சொல்லாது?

அமெரிக்காவில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விபரங்களைப் பெற்றோரின் அனுமதியில்லாமல் இணையத்தில் சேகரிக்கக் கூடாது என்று 1998 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2000 இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு பொன்சி நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 2004 பெப்ரவரியில் 75,000 டொலர் கட்டச் சம்மதித்து நிறுவனம் விஷயத்தை முடித்துக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு, விண்டோஸின் எச்சரிக்கைச் செய்தி போல வேடமிட்ட விளம்பரங்களுக்காக இன்னொரு வழக்கிலும் சமரசத்துக்குப் போயிருந்தது. 2004 இல் கொரில்லா நிறுத்தப்பட்டது.

பூனையிலிருந்து கொரில்லா வரை கிட்டத்தட்ட பதினைந்தே ஆண்டுகள். படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே வகைதான். திரையில் ஓர் அழகான மிருகம், சும்மா கிடைக்கிறது, சிரிப்பு வருகிறது. இடையில் மாறியது என்ன? இணையம் வந்தது. பூனை பிறந்தபோது அநேக கணினிகள் தனித்தனியாக இருந்தன. பூனை எதையாவது திருட நினைத்தாலும் கொண்டுபோக வழியில்லை. இணையம் வந்ததும் வழி திறந்தது. அந்த வழியாகப் போகும் விபரத்துக்குச் சந்தையில் விலை இருக்கிறது என்று விளம்பரக் கம்பனிகள் கண்டுகொண்டன. அதன்பிறகு அலங்காரத்தைச் சும்மா கொடுப்பது இலாபமாகிவிட்டது.

அப்படியென்றால் சும்மா கிடைப்பதெல்லாம் ஏமாற்றா? நம் ஊரில் சிலர் அப்படித்தான் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அதே 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் "செட்டி அட் ஹோம்" என்ற திரைக்காப்பை வெளியிட்டது. அதுவும் இலவசம், அதுவும் இணையத்தோடு தொடர்புள்ளது, அதுவும் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்தது. விண்வெளியிலிருந்து வானொலித் தொலைநோக்கியில் பதிவான சமிக்ஞைகளைத் துண்டு துண்டாக அனுப்பி, உங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அவற்றைக் கணக்கிடச் செய்தது. 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31 வரை வேலை அனுப்பினார்கள். என்ன எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு எடுத்தார்கள். விரும்பியவர் கொடுத்தார், விரும்பாதவர் விட்டார்.

ஆகவே "இலவசமா, காசா" என்ற கேள்வி நமக்கு உதவாது. ஜொனிக்குக் காசு, பூனைக்குக் காசில்லை, இரண்டும் நல்ல மாதிரி. கேட்க வேண்டியது வேறு: இந்தச் சாமான் தன் வேலையைச் செய்ய என்னிடமிருந்து என்ன தெரியவேண்டும்? அதற்கு மேல் ஏன் கேட்கிறது?

இந்தக் கேள்வியோடு இன்றைய போனுக்கு வாருங்கள். இன்று திரைக்காப்பு தேவையில்லை. தட்டையான திரைகள் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். ஆனால் அலங்காரம் போகவில்லை. மீன் நீந்தும் வோல்பேப்பர், மின்னும் கீபோர்ட், அம்புக்குப் பதிலாக விரலைத் துரத்தும் பட்டாம்பூச்சி, டோர்ச் அப். 2013 டிசம்பரில் இதே அமெரிக்க ஆணைக்குழு ஓர் அன்ட்ரொய்ட் டோர்ச் அப்பைத் தயாரித்தவர் மீது நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கான தடவை தரவிறக்கப்பட்ட அப் அது. போன் இருக்கும் இடத்தையும் போனின் அடையாள இலக்கத்தையும் விளம்பரக் கம்பனிகளுக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு டோர்ச் எரிவதற்கு, நீங்கள் வத்தேகமவில் இருக்கிறீர்களா கண்டியில் இருக்கிறீர்களா என்று தெரியவேண்டுமா?

நம் நாட்டிலும் இப்போது சட்டம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சிறுவர்களைப் பற்றிய தரவை அது விசேட பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் சட்டம் ஒவ்வொரு வீட்டுப் போனையும் வந்து திறந்து பார்க்காது. அதை நாம்தான் செய்யவேண்டும். கஷ்டமான வேலையும் இல்லை:

ஒன்று. இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போனின் செட்டிங்ஸுக்குப் போங்கள். அப்ஸ், அதற்குள் பெர்மிஷன்ஸ். திட்டவோ சந்தேகப்படவோ வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.

இரண்டு. ஒவ்வொரு அலங்கார அப்பிடமும் பூனையின் கேள்வியைக் கேளுங்கள். வோல்பேப்பருக்கு மைக் எதற்கு? டோர்ச்சுக்கு கொன்டெக்ட் லிஸ்ட் எதற்கு? பதில் இல்லையென்றால் அனுமதியை எடுத்துவிடுங்கள். வேலை செய்ய மறுத்தால் அப்பையே அழித்துவிடுங்கள்.

மூன்று. வாட்ஸ்அப்பில் பெருநாள் வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து என்று "ஏபிகே" கோப்போ, உங்கள் பெயரை அடிக்கச் சொல்லும் லிங்கோ வந்தால், அனுப்பியது சொந்தத் தம்பியாக இருந்தாலும் திறக்கவேண்டாம். ஹெப்பி 99 வந்ததும் தெரிந்தவர்களிடமிருந்துதான்.

நான்கு. கணினியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு பூனைப் புரோகிராமைக் காட்டுங்கள். ஒநேகோவும் எக்ஸ்ஸ்னோவும் இன்றும் லினக்ஸில் கிடைக்கின்றன. அவை எழுதப்பட்ட வரிகளை யாரும் திறந்து வாசிக்கலாம். வாசித்தால் உள்ளே ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்று தெரியும். கண்டியின் ஹந்தானை மலையின் பெயரில் "ஹந்தான லினக்ஸ்" என்று ஒன்றை நம் நாட்டவரே உருவாக்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் ஒரு பிள்ளையால் ஸ்க்ரெச்சிலோ பைதனிலோ ஒரு வார விடுமுறையில் இப்படி ஒரு பூனையை ஓடவைக்க முடியும். ஒன்றைத் தானே செய்து பார்த்த பிள்ளைக்கு, ஒரு பூனை ஓடுவதற்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்று தெரியும். அதற்கு மேல் கேட்கும் அப்பை அந்தப் பிள்ளை தானாகவே சந்தேகிக்கும்.

உங்கள் காலத்தில் எந்தத் திரைக்காப்பு ஓடியது? நட்சத்திரமா, குழாயா, மீன்தொட்டியா? கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு போனைத் திறந்து பார்த்தவர்கள், எந்த அப் தேவையில்லாத எதைக் கேட்டது என்பதையும் எழுதினால் மற்ற பெற்றோருக்கும் உதவியாக இருக்கும். இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் அவற்றைத் தொகுத்து ஒரு பட்டியலாகப் போடுகிறேன்.